வேனையே வீடாக்கியவர்களைச் சந்தித்தேன், உள்வேலை செய்து தரக் கேட்டிருக்கிறார்கள்: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

உளிச்சத்தம்:

வணக்கம். எனக்கு மரவேலைதான் தொழில். அலமாரி, கட்டில், சமையலறைப் பெட்டிகள் எல்லாம் செய்வேன். போன வாரம் ஒரு வீட்டு வேலையை முடித்துவிட்டுத் திரும்பும்போது மலைப்பாதையில் மழை பிடித்துக்கொண்டது. முன்னால் எதுவும் தெரியவில்லை. வண்டிகள் ஒதுங்குகிற இடம் ஒன்று வந்ததும் நிறுத்திவிட்டேன். அங்கே ஏற்கெனவே உயரமான வெள்ளை வேன் ஒன்று நின்றிருந்தது. பார்சல் வண்டி என்றுதான் நினைத்தேன். பக்கவாட்டுக் கதவு சர்ரென்று திறந்தது, ஒரு அம்மா இறங்கி, மழையில் உருண்டுபோன பாத்திர மூடியைத் துரத்திக்கொண்டு ஓடினார். அப்போதுதான் உள்ளே பார்த்தேன். கட்டில், அடுப்பு, புத்தக அலமாரி, திரைச்சீலை, எல்லாம் இருக்கிறது.

வளைவில் திரும்பும்போது மேல் அலமாரியின் கதவு திறந்து பாத்திரம் மொத்தமும் கொட்டியிருக்கிறது. அவர் கணவர் அந்தக் கதவைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. "கயிறெல்லாம் வேண்டாம் சார், விடுங்க, என்கிட்ட சாமான் இருக்கு" என்று போய் நின்றேன். வீட்டு அலமாரிக்குப் போடுகிற காந்தப் பிடிப்பைப் போட்டு வைத்திருந்தார்கள். அசையாத சுவருக்கு அது போதும், ஓடுகிற வண்டிக்குப் போதுமா? என் பெட்டியில் மிச்சம் கிடந்த, குமிழை அழுத்தினால்தான் திறக்கிற புஷ் லாக் ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். மழை விடவில்லை. உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தேன்.

இருவருக்கும் ஐம்பதைத் தாண்டியிருக்கும். வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு முழுநேரமும் இதில்தான் இருக்கிறார்களாம். அவர் லேப்டாப்பில் கணக்கு வேலை பார்க்கிறார். என் கண் பழக்கதோஷத்தில் மரத்தின் மேலேதான் போயிற்று. வேலை சுத்தமாகத்தான் இருந்தது, ஆனால் எல்லாமே 18 மி.மீ. பிளைவுட். கீல்கள் தளர்ந்திருந்தன. இழுப்பறை ஒன்றை இழுத்தால் பக்கத்து இழுப்பறையும் கூடவே வருகிறது.

நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவர், "இதையும் பாருங்க" என்று சுவர்ப் பலகை ஒன்றைக் கழற்றிக் காட்டினார். பின்னால் வண்டிக்கூட்டைத் தாங்குகிற இரும்பு விலா நனைந்து மினுமினுக்கிறது. அதன் மேல் அடித்திருந்த மெல்லிய மரச்சட்டம், நாங்கள் ரீப்பர் என்போம், முழுக்கக் கருப்புப் பூஞ்சை. விரலை வைத்து அழுத்தினால் மரம் உள்ளே போகிறது. வீட்டைப் பெருமையாகக் காட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், பூஞ்சையைக் கழற்றிக் காட்டுகிறவரை இப்போதுதான் பார்க்கிறேன். மழைத்தண்ணீர் எங்கோ இறங்குகிறது என்றேன். "கூரையெல்லாம் சோதித்துவிட்டோம், ஒழுகவில்லை, இது நாங்கள் விடுகிற மூச்சு" என்றார் அந்த அம்மா.

கிளம்பும்போது, அடுத்த மாதம் இதே பக்கம் திரும்பி வருவோம், உள்ளே இருப்பதை எல்லாம் பிரித்துவிட்டுப் புதிதாகச் செய்து தருவீர்களா என்று கேட்டார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று எண் வாங்கி வந்திருக்கிறேன்.

ஆசைதான், ஆனால் வண்டிக்குள் வேலை செய்ததில்லை. என்ன மரம், எவ்வளவு கனம்? திருகாணியா, பசையா? உண்மையிலேயே மூச்சுக்காற்றில் ஒரு ரீப்பர் உளுத்துப்போகுமா? அப்படியானால் புதிதாக நான் அடிக்கிற மரமும் அப்படித்தானே ஆகும்? என் மனைவியிடம் சொன்னபோது அவளுக்கு இருந்தது ஒரே கேள்விதான்: குளியலறை எங்கே? அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

டீசல்வாசி:

அண்ணே, முதலில் ரசமட்டத்தைப் பட்டறையிலேயே வைத்துவிட்டுப் போங்கள். வேன் எந்தத் தரையில் நின்றாலும் ஒரு பக்கம் சாய்ந்துதான் நிற்கும். மட்டம் பார்த்து அலமாரி வைத்தால் வேனுக்குள் அது கோணலாகத் தெரியும். தரையிலிருந்தும் நடுக்கோட்டிலிருந்தும்தான் எல்லா அளவும் எடுக்க வேண்டும். சுவரில் நேர்க்கோடு என்று ஒன்றும் கிடையாது, கீழிருந்து மேலே போகப்போக உள்ளே வளையும். அட்டையை வெட்டி வெட்டி வைத்துப் பார்த்து, அந்த அட்டையைப் பலகையில் வைத்து வரைந்து வெட்டுங்கள். பொறுமைதான் வேண்டும், அது உங்களிடம் இருக்கும்.

நான் சில வருடங்களாக வேனில்தான் இருக்கிறேன், என் வேனை நானேதான் கட்டினேன். மரத்தைப் பற்றிச் சொல்கிறேன். பிர்ச் பிளைவுட்டில் 18 மி.மீ., 8க்கு 4 அடி ஷீட் ஒன்று ஏறக்குறைய 36 கிலோ வரும். பாப்லார் பிளைவுட்டில் 9 மி.மீ. ஷீட் 13 கிலோவுக்குள் முடிந்துவிடும். ஒரு வேனுக்கு எட்டு ஷீட் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், வித்தியாசத்தை நீங்களே கணக்குப் போடுங்கள். ஐரோப்பாவில் சாதாரண கார் உரிமத்தோடு ஓட்டக்கூடிய வண்டிக்கு வரம்பு பொதுவாக 3,500 கிலோ. அந்த அளவு வேன் காலியாகவே 2 டன்னைத் தொட்டுவிடும். மிச்சத்தில்தான் மனிதர்கள், தண்ணீர், பேட்டரி, துணிமணி, மரம் எல்லாம். நூறு லிட்டர் தொட்டி என்றால் நூறு கிலோ, அதில் தள்ளுபடி கிடையாது. மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை பக்கமே போகாதீர்கள், கனமும் அதிகம், ஈரம் பட்டால் ஊதிக்கொள்ளும்.

எல்லாவற்றையும் 9 மி.மீ.யில் செய்தால் ஆடும் என்பீர்கள். ஆடாது. சட்டம் கட்டி, பெட்டியாக மூடி, மூலையில் பசையும் திருகும் சேர்த்துப் பிடித்தால் நிற்கும். கட்டில் தாங்கிக்கு மட்டும் கனமாகப் போடுங்கள். வெறும் திருகாணியை நம்ப வேண்டாம், அதிர்வில் தானாகக் கழன்று வரும். மரத்துக்கு மரம் பாலியூரித்தேன் பசை, அது ஈரத்தைத் தாங்கும். சாதாரண வெள்ளைப் பசை ஈரத்தில் இளகிவிடும். இரும்பில் பிடிக்க வேண்டிய இடத்தில் விலாவில் ஏற்கெனவே இருக்கிற ஓட்டைகளில் ரிவ்நட் (தகட்டிலேயே பதிந்து நிற்கிற நட்) போட்டு, போல்ட் முறுக்குங்கள். புதிதாகத் துளை போட்டால் வெட்டிய விளிம்பில் அன்றைக்கே பிரைமர் அடியுங்கள், இல்லாவிட்டால் அங்கிருந்து துரு ஆரம்பிக்கும். திருகின் நீளத்தை இரண்டு முறை பாருங்கள். வெளித்தகடு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது.

மூச்சு விஷயத்தில் அந்த அம்மா சொன்னது சத்தியம். இரண்டு பேர் மூடிய வண்டியில் ஒரு ராத்திரி தூங்கினால் மூச்சிலும் தோலிலும் அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் காற்றில் கலந்துவிடும். கேஸ் அடுப்பு வைத்திருந்தால் இன்னும் மோசம். புரோப்பேன் ஒரு கிலோ எரிந்தால் 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக வரும், வேதியியல் கணக்கு அது. அந்த ஆவிக்குப் போக வழி இல்லாவிட்டால் வண்டியிலேயே எது குளிர்ந்த இடமோ அங்கே போய்த் தண்ணீராகும். குளிர்ந்த இடம் எது? நீங்கள் பார்த்த அதே இரும்பு விலா. அதன் மேல் நேராக ரீப்பர் அடித்து, பின்னால் இடைவெளி விட்டு, முன்னால் பலகை போட்டு மூடினால் பூஞ்சைக்கு நாமே அறை கட்டிக் கொடுத்த மாதிரி.

அதனால் பழைய ரீப்பரை எல்லாம் எடுத்துவிடுங்கள். தகட்டைத் துடைத்து, காயவைத்து, துருவைத் தேய்த்து, பிறகு தண்ணீர் உறிஞ்சாத, மூடிய கண்ணறை நுரைத் தாளைத் தகட்டோடு ஒட்ட ஒட்டப் போடுங்கள், குமிழி விடக் கூடாது. விலாக்களையும் மெல்லிய நுரையால் சுற்றுங்கள். எல்லோரும் பெரிய சமதளத்தில் ஒட்டிவிட்டு விலாவை விட்டுவிடுவார்கள், ஈரம் அங்கேதான் போய் உட்காரும். இதெல்லாம் செய்தாலும் காற்றோட்டம் இல்லாவிட்டால் வீண். கூரையில் விசிறி, கீழே எங்காவது காற்று உள்ளே வர ஒரு வழி, இரண்டும் வேண்டும். குளிர்காலத்திலும் கொஞ்சமாவது திறந்திருக்க வேண்டும். டீசல் ஹீட்டர் இருந்தால் நல்லது. அது எரியும் காற்றை வெளியிலிருந்து எடுத்துப் புகையை வெளியிலேயே விடும், உள்ளே வருவது வெறும் சூடு.

மெத்தைக்கு அடியில் மூடிய பலகை போடாதீர்கள். சட்டம் சட்டமாக இடைவெளி விடுங்கள்.

பன்னிரண்டு வோல்ட்:

டீசல்வாசி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், எனக்கு மிச்சம் வைத்தது ஒயரிங் மட்டும்.

உளிச்சத்தம், நீங்கள் பிரிக்கப்போகிற சுவருக்குள் ஒயர் ஓடும். யார் போட்டது என்று தெரியாமல் கை வைக்காதீர்கள். பிரிப்பதற்கு முன் முதலில் சோலாரைக் கண்ட்ரோலரிலிருந்து துண்டித்துவிடுங்கள், பிறகு பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். 12 வோல்ட்தானே என்று பலர் அலட்சியமாக இருப்பார்கள். ஷாக் அடிக்காது, உண்மைதான். ஆனால் ஸ்பேனர் ஒன்று இரண்டு முனைக்கும் குறுக்கே விழுந்தால் செக்கச்செவேல் என்று பழுத்துவிடும். 12 வோல்ட்டில் ஆபத்து ஆம்பியரில் இருக்கிறது. 1,800 வாட் இண்டக்‌ஷன் அடுப்பை இன்வெர்ட்டரில் ஓட்டினால் பேட்டரியிலிருந்து 150 ஆம்பியருக்கு மேல் ஓடும். அதற்கு விரல் மொத்தக் கேபிள் வேண்டும், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ் வேண்டும். இரண்டும் இருக்கிறதா என்று கேளுங்கள்.

பேட்டரி லித்தியமா, பழைய ஈயமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள், இடம் அதைப் பொறுத்தது. ஈயத்தில் எழுதியிருக்கிற அளவில் பாதியைத்தான் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சீக்கிரம் செத்துவிடும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்றால் பெரும்பகுதியை எடுக்கலாம், கனமும் பாதிக்குக் கீழே. ஒரே விஷயம், பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே அதை சார்ஜ் செய்யக் கூடாது. அதனால் அதை வெளித்தகட்டை ஒட்டிக் குளிரில் வைக்காமல் உள்பக்கமாக வைக்கும்படி பெட்டி செய்யுங்கள்.

கேஸ் சிலிண்டர் இருந்தால் அதன் பெட்டி வசிக்கிற பக்கம் அடைப்பாகவும், தரையில் வெளியே போகிற ஓட்டையோடும் இருக்க வேண்டும். எல்பிஜி காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில்தான் தேங்கும். தரை நன்றாக இருக்கிறதே என்று அந்த ஓட்டையை நீங்கள் மூடிவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று தலைமாட்டுக்குப் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். அது வாசனை இல்லாத வாயு, தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார்.

உளிச்சத்தம்:

இவ்வளவு எதிர்பார்க்கவில்லை, நன்றி. போன் போட்டுக் கேட்டேன். கேஸ் அடுப்புதான், இரண்டு பர்னர். பேட்டரி லித்தியம், பின்கதவை ஒட்டி வைத்திருக்கிறார்கள். போன குளிர்காலத்தில் சில நாள் காலையில் சார்ஜே ஏறவில்லையாம், ஏன் என்று இப்போதுதான் புரிந்தது என்றார். பேட்டரிக்குள்ளேயே காப்பு இருந்து நிறுத்தியிருக்கும் போல.

ரசமட்டம் வேண்டாம் என்றதைத்தான் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

வெறும் பார்வையாளன்:

வாடகை கொடுக்க முடியாதவர்கள் செய்கிற வேலைக்கு எதற்கு இவ்வளவு அலங்காரம். ரெண்டு வருஷத்தில் விற்றுவிட்டுப் போய்விடுவார்கள், அதற்கு நீங்கள் பசையும் பாப்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

தரையிறங்கியவள்:

பார்வையாளரே, வாடகை கொடுக்க முடியாதவர்களும் இருக்கிறார்கள், கொடுக்கப் பிடிக்காதவர்களும் இருக்கிறார்கள். இரண்டு வகைக்கும் பாத்திரம் தலையில் விழாமல் இருந்தால் நல்லதுதானே.

உளிச்சத்தம் அண்ணா, உங்கள் வீட்டில் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். நானும் என் கணவரும் வேனில் இருந்தோம், இப்போது வீட்டில் இருக்கிறோம். குளியலறை என்று தனியாக வைத்தால் வேனில் நிறைய இடத்தை அது தின்றுவிடும், பெரும்பாலோர் வைப்பதில்லை. பின்கதவைத் திறந்து, திரை கட்டி, குழாய்வைத்த தண்ணீர்ப் பையில் குளிப்போம். நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம் என்று வெளியே குளிப்பவர்களும் நிறையப் பேர். கழிப்பறைக்குச் சிறுநீரையும் மலத்தையும் தனித்தனியாகப் பிரிக்கிற பெட்டி வரும். நாற்றம் வருவதே இரண்டும் கலப்பதால்தான். பிரித்து, மலத்தின் மேல் மரத்தூள் போட்டால் நீங்கள் நினைக்கிற அளவுக்கு ஒன்றும் இல்லை. மரத்தூளுக்கு உங்களிடம் பஞ்சமே கிடையாது! அந்தப் பெட்டி உட்காரும் இருக்கையாகவும் இருக்கும்படி செய்யலாம். மூடியைத் தூக்கினால் தலை மேல் அலமாரியில் இடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிரிக்காதீர்கள், எங்களுடையதில் இடிக்கும்.

அளவு எடுக்கும்போது இரண்டு பேரையும் உள்ளே வைத்து எடுங்கள். ஒருவர் சமைக்கும்போது இன்னொருவர் பின்னால் தாண்டிப் போக முடியுமா, ஒருவர் தூங்கும்போது இன்னொருவர் அவரை மிதிக்காமல் இறங்க முடியுமா, அதைப் பாருங்கள். நான் பட்டது கட்டிலில்தான். குறுக்கே போட்ட கட்டிலில் நான் சுவர்ப்பக்கம். ராத்திரி எழ வேண்டுமென்றால் அவர் மேல் ஏறித்தான் இறங்கணும். சண்டை போட்ட நாளில் அது ரொம்பக் கஷ்டம். நீளவாக்கில் போட இடம் இருந்தால் போடச் சொல்லுங்கள். இழுப்பறை முழுசாக இழுத்தால் எதிர்ப்பெட்டியில் முட்டக் கூடாது, ஒரே நேரத்தில் இரண்டு கதவு திறந்தால் ஒன்றுக்கொன்று மாட்டிக்கொள்ளக் கூடாது. முனை எல்லாவற்றையும் உருட்டிவிடுங்கள். இடுப்பில் நீலம் பாரித்த அடையாளம் இல்லாமல் நான் ஒரு மாதம் இருந்ததில்லை.

குழாய்க்கு மிதி பம்ப் வைக்க இடம் விடுங்கள். மின்சார பம்பில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். காலால் மிதித்தால் தேவைக்கு மேல் ஒரு சொட்டு வராது.

ஏன் இறங்கினீர்கள் என்று கேட்பீர்கள். பூஞ்சையோ குளிரோ காரணம் இல்லை. எதற்குப் போனாலும் முகவரி கேட்கிறார்கள். வங்கிக்கு, காப்பீட்டுக்கு, மருத்துவருக்கு, வண்டிப் பதிவுக்கே. அதைவிடப் பெரிது, சாயங்காலம் நாலு மணியானால் இன்றைக்கு எங்கே நிறுத்துவது என்ற பேச்சு ஆரம்பித்துவிடும். ராத்திரி யாராவது தகட்டைத் தட்டினால் போலீஸா, திருடனா, உதவி கேட்பவரா என்று உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. உங்களைப் போல மழையில் வந்து நின்று, பெயர் சொல்லி, கையைக் காட்டிப் பேசுபவர் அபூர்வம். அவர்கள் சுவரைக் கழற்றிக் காட்டியதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

பழைய எஞ்சின்:

ஒரு யோசனை. எல்லாவற்றையும் வேனுக்குள் நின்றுகொண்டே செய்யணும் என்று எதற்கு? ஃபோக்ஸ்வாகன் டைப் 2 வேன் 1950-இல் வந்தது. அடுத்த வருடமே ஜெர்மனியில் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் அதற்குக் கழற்றி மாட்டும் முகாம் பெட்டி ஒன்றைச் செய்தது. வாரநாளில் சரக்கு வண்டி, விடுமுறையில் பெட்டியை ஏற்றினால் வீடு. அந்த முறையையே எடுத்துக்கொள்ளுங்கள். சமையல் பெட்டி ஒன்று, இருக்கைப் பெட்டி ஒன்று, கட்டில் இரண்டு துண்டாக. எல்லாவற்றையும் உங்கள் பட்டறையில் உங்கள் ரசமட்டத்தோடு நிம்மதியாகச் செய்யலாம். வேனுக்குள் போல்ட் மட்டும் முறுக்கினால் போதும். வளைந்த சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில் வரும் சந்துக்கு மட்டும் அட்டை வெட்டிப் பாருங்கள். வருடத்துக்கு ஒருமுறை கழற்றிப் பின்னால் ஈரம் பார்க்கவும் வசதி.

இரண்டு எச்சரிக்கை. பெட்டியைக் கட்டும் முன் பக்கக் கதவின் திறப்பை அளந்துகொள்ளுங்கள், உள்ளே நுழையாத அழகான பெட்டிகளைப் பார்த்திருக்கிறேன். பெட்டியை மரத்தரையில் திருகி விட்டுவிடாதீர்கள். சரக்கு கட்டுவதற்கென்று வண்டித் தளத்தில் கம்பெனியே வைத்திருக்கும் வளையங்களின் போல்ட் துளைகளில் பிடியுங்கள். திடீர் பிரேக்கில் எல்லாமே ஓட்டுநரின் முதுகை நோக்கித்தான் வரும்.

உளிச்சத்தம்:

பழைய எஞ்சின் சார், இதுதான் எனக்குத் தேவைப்பட்ட பதில். பட்டறையில் என்றால் எனக்குப் பயமில்லை.

அவர்களிடம் பேசிவிட்டேன். வரும்போது தண்ணீரும் டீசலும் நிரப்பி, சாமான் எல்லாவற்றோடும் எடைமேடையில் ஏற்றிச் சீட்டு வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன். பிரித்த பிறகு பழைய பிளைவுட்டைத் தனியாக எடை போடுவேன், புதிது அதில் பாதிக்கு மேல் போகக் கூடாது. கட்டிலை நீளவாக்கில் போடலாமா என்று கேட்டதும் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார். அவர் யோசிக்கவே இல்லை, போடுங்கள் என்று உடனே சொல்லிவிட்டார்.

பன்னிரண்டு வோல்ட், பேட்டரியை உள்பக்கம் கொண்டுவந்தால் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் இருக்கைப் பெட்டிக்குள் வைக்கலாம் என்று நினைக்கிறேன். சரியா?

பன்னிரண்டு வோல்ட்:

நல்ல இடம். எஞ்சினிலிருந்து வரும் கேபிளும் குட்டையாகும். பேட்டரியைப் பட்டை போட்டு அசையாமல் கட்டுங்கள், இருக்கையின் மூடி மட்டும் அல்ல, முன்பலகையும் கருவி இல்லாமல் கழற்றும்படி இருக்கட்டும். ஃப்யூஸ் போனால் ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் எட்டிப் பார்க்க வேண்டியவர் அவர்தான். பெட்டியின் உள்ளளவு முடிவானதும் இங்கே போடுங்கள், கேபிள் எங்கே நுழைய வேண்டும் என்று வரைந்து தருகிறேன்.